ஓவியத்திலிருந்து மரக்கட்டை அச்சுக்கு: இந்தியக் காட்சிகளும் கூட்டுப் படைப்பும்

ஓவியம் மரக்கட்டை அச்சாக மாறுவதை நகலெடுப்பு எனக் கொள்வதினும் ஒருவகை மொழிபெயர்ப்பு எனக் கொள்வதே பொருந்தும். நீர்வண்ண ஓவியத்தில் ஒரு நிறம் மற்றொன்றில் எல்லையின்றிக் கரைகிறது. மரக்கட்டையிலோ கோடும் ஒவ்வொரு நிறமும் தனித்தனியே பிரிக்கப்படவேண்டும். இவ்விடைவெளியை நிரப்பியவர் யாவர் என்பதை இந்தியக் காட்சிகளைத் தீட்டிய இருவரின் அச்சுகள்வழி அறியலாம்.

பார்ட்லெட்டும் வாதனபேயும்

ஆங்கிலேய ஓவியர் சார்லஸ் பார்ட்லெட் (1860–1940) 1913இல் தொடங்கிய கீழைநாட்டுப் பயணத்தில் இந்தியக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார்; 1915இல் ஜப்பானை அடைந்தார். தோக்கியோவின் பதிப்பாளர் வாதனபே ஷோசாபுரோ, தாஜ்மகால் உள்ளிட்ட அக்காட்சிகளை 1916இல் அச்சாக வெளியிட்டார்.

இம்மரபில் ஓவியர், செதுக்குநர், அச்சிடுநர், பதிப்பாளர் என நால்வர் பங்குபெறுவர். மெல்லிய தாளில் வரைந்த கோட்டுருவைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குவர். அதில் மூலக்கோட்டுரு அழிந்துவிடும். அக்கோட்டுக்கட்டையின் படிகளைக்கொண்டு நிறக்கட்டைகள் அமைக்கப்படும். ஒவ்வொரு கட்டையிலும் வெட்டப்படும் அடையாளப் பள்ளங்களில் தாளைப் பொருத்துவதால் நிறங்கள் இடம் பிறழா. நிறம் கரைந்து மறையும் தோற்றமோ கட்டையில் செதுக்கப்படுவதன்று. அச்சிடுநர் ஒவ்வொரு படிக்கும் ஈரக்கட்டையின்மீது சாயத்தைத் தூரிகையால் படிப்படியாக மெலிவித்து அதனை உருவாக்குகிறார். ‘பொகாஷி’ எனப்படும் இம்முறையால், ஓவியர் ஒருமுறை தீட்டிய வானத்தை அச்சிடுநர் ஒவ்வொரு படியிலும் மீண்டும் தீட்டுகிறார் எனலாம்.

யோஷிதாவின் மாற்றுவழி

1920இல் வாதனபேயுடன் இணைந்த யோஷிதா ஹிரோஷி (1876–1950), 1925 முதல் செதுக்குநரையும் அச்சிடுநரையும் தாமே அமர்த்தி நேரில் மேற்பார்த்தார். 1926இல் வெளியான பாய்மரப் படகுகள் வரிசையில், அதே கட்டைகளின் நிறங்களை மாற்றியே நாளின் வெவ்வேறு பொழுதுகளைக் காட்டினார். 1930–31இல் மேற்கொண்ட இந்தியப் பயணத்தின் பயனாகத் தாஜ்மகாலைப் பகலிலும் இரவிலும் காட்டும் அச்சுகள் பிறந்தன. அவர்தம் அச்சுகளில் காணும் ‘ஜிசூரி’ முத்திரை ‘தாமே அச்சிட்டது’ எனப் பொருள்படும். எனினும் அது குறிப்பது அவரது மேற்பார்வையையே. அச்சிட்ட கைகள் பெரும்பாலும் பிறருடையவை.

முடிவுரை

பார்ட்லெட்டின் அச்சில் பதிப்பாளரும், யோஷிதாவின் அச்சில் ஓவியரும் பணியை நெறிப்படுத்தினர். இருவகையிலும் செதுக்குநர், அச்சிடுநர் பெயர்கள் பெரும்பாலும் அச்சில் இடம்பெறவில்லை. ஆகவே ஓவியர் பெயரால் மட்டும் இவ்வச்சுகளை வகைப்படுத்தும் வரலாறு, மூலத்தைப் போற்றி மொழிபெயர்த்தோரை மறந்த வரலாறாகவே அமையும்.