விதையா, வயலா?

காவிரியின் கடைமடையான முத்துப்பேட்டையில் ஓர் உழவர் புது ரக நெல் பயிரிடுகிறார் என்று கொள்வோம். பக்கத்து வயலைவிட மாவுக்கு ஒரு மூட்டை கூடுதலாகக் காண்கிறது. காரணம் விதையா? அல்லது அவ்வயலில் உப்பு குறைவா, தண்ணீர் முந்தி வந்ததா? தவறாக முடிவு செய்தால் அடுத்த போகம் வீணாகும்.

இத்தகைய ஐயங்களிலிருந்தே புள்ளியியல் சோதனைகள் வளர்ந்தன. டப்ளின் நகரின் கின்னஸ் மதுவாலையில் பணிபுரிந்த காசெட், சில அளவுகளே கைவசமுள்ளபோது சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று 1908இல் ஆராய்ந்தார். ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட அம்முறையே ‘டி’ சோதனையாக வளர்ந்தது. 1919இல் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் பண்ணையில் சேர்ந்த ஃபிஷர், பல ரகங்களை ஒருங்கே ஒப்பிட மாறுபாட்டுப் பகுப்பாய்வை அமைத்தார். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அக்காலத்தில்தான், 1922இல், நம் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

இரு ரகங்களின் சராசரி விளைச்சலை ஒப்பிட ‘டி’ சோதனை. பல ரகங்களாயின் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. நோய் கண்ட பயிர் எத்தனை, காணாதது எத்தனை என எண்ணும்போது, கார்ல் பியர்சன் 1900இல் தந்த கை-வர்க்கச் சோதனை.

மூன்றும் கேட்பது ஒன்றே: ரகங்களுக்குள் வேறுபாடே இல்லையெனில், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர வாய்ப்பு எவ்வளவு? அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாயின், தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்பது வழக்கம். ஆனால் ஒரே ஒரு வயலை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையும் விடை கூறாது. பல பாத்திகள் வேண்டும், குலுக்கலும் வேண்டும்.