எக்செல் கிராஃப் இணையப் பக்கம் ஏறின கதை

காமர்ஸ் படித்தவர்களுக்கும் கிராஃபுக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1786ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கைக் கோடு போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அது நம்ம துறைச் சமாச்சாரம். விஞ்ஞானிகள் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-)

கம்ப்யூட்டருக்கு வருவோம். 1979ல் ஆப்பிள் 2க்கு வந்த விசிகால்க்கில் கட்டங்கள் இருந்தன, கிராஃப் கிடையாது. அதற்கு விசிபிளாட் என்று தனி மென்பொருள். அதை எழுதிய மிட்ச் கபோர்தான் பிறகு 1983ல் லோட்டஸ் 1-2-3 கொண்டுவந்தார். பெயரில் இருக்கும் மூன்று எண்களில் ஒன்று கிராஃபுக்கு! நான் பி.காம். படிக்கும்போது மாலை வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அந்த லோட்டஸ்தான். கிராஃபை அச்சடிக்க, லோட்டஸை விட்டு வெளியே வந்து பிரிண்ட்கிராஃப் என்று இன்னொரு புரோகிராமைத் திறக்க வேண்டும். அதற்குள் பக்கத்து மெஷின்காரர் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார்.

1993ல் மொசைக் பிரவுசர் வந்து, எழுத்துக்கு நடுவிலேயே படம் காட்டியது. கிராஃபும் இணையத்தில் ஏறியது, ஆனால் வெறும் படமாக. திரையில் இருப்பதைப் பிடித்து, பெயிண்டில் ஒட்டி, ஜிஃப் கோப்பாகச் சேமித்து ஏற்ற வேண்டும். அந்த ஜிஃப்பிலும் வில்லங்கம். அதன் சுருக்கும் முறைக்குக் காப்புரிமை எங்களுடையது என்று யூனிசிஸ் கம்பெனி 1994 கடைசியில் கிளம்ப, அதற்கு மாற்றாக வந்ததுதான் பிஎன்ஜி.

எக்செல் 2000ல் 'சேவ் ஆஸ் வெப் பேஜ்' இருந்தது. ஆஹா, ஒரே கிளிக் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அது ஒரு பக்கத்தையும், கூடவே '_ஃபைல்ஸ்' என்று ஒரு ஃபோல்டரையும் உண்டாக்கும். கிராஃப் படம் இருப்பது அந்த ஃபோல்டரில். எங்கள் வட்டார அலுவலகத்துக்குக் கிளைகளிலிருந்து பக்கம் மட்டும் மெயிலில் வரும், ஃபோல்டர் வராது. திறந்தால் டெபாசிட் வளர்ச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி. அந்தக் குறியைப் பார்க்காத பேங்க் ஆசாமி அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார்.

அதிலேயே 'ஆபீஸ் வெப் காம்பொனென்ட்ஸ்' என்று ஒன்றும் உண்டு. எண்ணை மாற்றினால் பக்கத்திலேயே கிராஃப் மாறும். ஆனால் பார்ப்பவரிடம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஆபீஸ் லைசென்ஸும் இருக்க வேண்டும். ஆபீஸ் 2007ல் அதை எடுத்தே விட்டார்கள்.

இந்த இடைவெளியில் புகுந்தவர்களில் ஒருவர் நான் குப்பை கொட்டும் இந்த கொல்கத்தாக்காரர். பல்லவ் நாதானி என்ற பதின்ம வயதுப் பையன், எக்செல் கிராஃபின் தோற்றம் அலுத்துப்போய், ஃபிளாஷில் கிராஃப் செய்து 2002ல் ஃபியூஷன்சார்ட்ஸ் தொடங்கினார். உலகமெங்கும் விற்றது. லேக் மார்க்கெட்டில் காபித்தூள் வாங்கப் போகும் நம்மவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! பிறகு ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. அவர்களும் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறினார்கள். 2020 டிசம்பர் 31ல் ஃபிளாஷுக்கே மூடுவிழா. மாறாமல் கிடந்த பழைய பக்கங்களில் இன்று கிராஃப் இருந்த இடத்தில் காலிப் பெட்டி. பக்கத்திலேயே எண்களையும் அட்டவணையாகப் போட்டவர்கள் மட்டும் தப்பித்தார்கள்.

2007 டிசம்பரில் கூகுள் ஒரு வழி சொன்னது. எண்களை இணைய முகவரியிலேயே எழுதி அனுப்பினால், கிராஃப் படமாகத் திரும்பி வரும். சுலபம்தான். ஆனால் உங்கள் எண்கள் அடுத்தவர் சர்வருக்குப் போய்வருகின்றன. வாராக்கடன் கணக்கை அப்படி அனுப்ப எந்த பேங்க்காரனுக்கு மனசு வரும்? அந்தச் சேவையும் 2019ல் நின்றுபோனது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். படமாகப் போட்டால் அடியில் இருக்கும் எண் போகாது. பார்ப்பவர் சரிபார்க்க முடியாது. எண்ணோடு போட்டால் சில சமயம் வேண்டாததும் சேர்ந்து போய்விடும். எக்செல் கிராஃபை பவர்பாயின்டில் 'எம்பெட் வொர்க்புக்' வழியாக ஒட்டினால், போவது கிராஃப் மட்டுமல்ல, முழு வொர்க்புக்கும். மேலே நாலு கம்பம் தெரியும், உள்ளே வாடிக்கையாளர் பெயரும் பாக்கியும் இருக்கும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீஸ் ஒரு தகவல் கோரிக்கைக்குப் பதிலாகக் கொடுத்த எக்செல் கோப்பு இணையத்தில் ஏறியது. அதன் மறைவான ஷீட்டில் 9,000க்கு மேற்பட்ட ஊழியர்களின் விவரம். அங்கே போலீஸ்காரர் வீடு எது என்று தெரிவதே உயிருக்கு ஆபத்து. 2024ல் ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள்.

வீட்டில் பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்டோ, சங்கத்தின் வரவு செலவோ, ஸ்லைடை அனுப்பும் முன் கிராஃப் மேல் ரைட் கிளிக் செய்து 'எடிட் டேட்டா' கொடுத்துப் பாருங்கள். கிராஃபுக்கு வேண்டிய எண்களைத் தாண்டி வேறு ஷீட்டுகளும் திறந்தால், அதை நீக்கிவிட்டு 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய்ப் படமாக ஒட்டுங்கள். எண்களைக் கீழே சின்ன அட்டவணையாகக் கையால் அடித்துவிடுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.