மைனஸ் ஆறு எங்கே போச்சு?

வடகரப்பதிக்குப் போன் செய்தால் சித்தப்பா தவறாமல் கேட்பார்: "அப்படி என்னதான் கண்ணு அங்க வேலை?" போன மாதம் செய்த வேலையைச் சொல்கிறேன். பத்து தடவை ஆன் செய்தால் ஒரு தடவை நெட்வொர்க் வராத ஒரு சின்ன போர்டு. மூன்று நாள் தேடினேன். மாற்றியது ஒரே வரி.

இந்த வரிக்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கிறது. நெட்வொர்க் சிப், "பாக்கெட் வந்திருக்கு" என்று பிராசஸரைக் கூப்பிட ஒரு இன்டரப்ட் எண் வேண்டும். லினக்ஸில் அதை வாங்கித் தருவது பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ என்ற ஃபங்ஷன். எண் கிடைக்காவிட்டால் அது முன்பெல்லாம் 0 தரும். ஆனால் சில போர்டுகளில் 0 என்பதே நிஜமான எண்! அதனால் 2006 ஜனவரியில் டேவிட் வ்ராபெல் என்பவர், கிடைக்காவிட்டால் மைனஸ் 6 என்று மாற்றினார். கூப்பிடும் டிரைவர்கள் எல்லாம் "பூஜ்யத்துக்குக் கீழா?" என்று பார்க்க வேண்டும்.

ஏஆர்எம் போர்டுகளில் நிறைய ஓடிய எஸ்எம்சி91எக்ஸ் ஈதர்நெட் டிரைவரிலும் அந்தச் சோதனை சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், எண்ணைப் போட்டு வைத்த இடம் அப்போது 'அன்சைன்ட்', அதாவது மைனஸே தெரியாத பெட்டி. மைனஸ் 6 அதற்குள் போனால் 4294967290 ஆகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே எப்படி இருக்கும்? சோதனை இருக்கிறது, யாரையும் பிடிக்காது. ஆள் நிற்கிறார், கட்டை மட்டும் இறங்காத செக்போஸ்ட்! (வேலந்தாவளம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம்.)

இன்று அந்தப் பெட்டிக்கு மைனஸ் தெரியும். 0 இனி வரவே வராது என்று 2022-இல்தான் ஒருவழியாக முடிவானது. பதினாறு வருடம்!

என் போர்டில் இருந்தது இதன் தம்பி. 2012-க்குப் பிறகு லினக்ஸில் மைனஸ் 517 என்று ஒரு பதில் உண்டு. "இன்னும் தயாராகவில்லை, கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கூப்பிடு" என்று அர்த்தம். எங்கள் டிரைவர் பிழையைச் சரியாகவே பிடித்தது. ஆனால் வந்த பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, "சாதனமே இல்லை" என்று தன் இஷ்டத்துக்கு மேலே சொல்லிவிட்டது. அப்புறம் யார் திரும்பக் கூப்பிடப் போகிறார்கள்? வந்த எண்ணை அப்படியே மேலே அனுப்பினேன். இருநூறு தடவை ஆன் செய்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் வந்தது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட சித்தப்பா சொன்னார்: "இதுக்கா கண்ணு ஒரு வாரமா போன் பண்ணல?"