உரோம் நகரின் நீர்ப்பங்கீடு

ஒரு நகரத்துக்கு நீரைக் கொண்டுவருதல் ஒன்று. கொண்டுவந்த நீரை யாவர்க்கும் குறைவின்றிப் பங்கிடுதல் பிறிதொன்று. முன்னையதற்குக் கல்லும் கைத்திறனும் வேண்டும். பின்னையதற்குக் கணக்கும் காவலும் நேர்மையும் வேண்டும். உரோமரின் பெருமை கூறுவோர் உயர்ந்த வளைவுகளின் மீது நீர் சென்ற கால்வாய்களையே பெரிதும் எடுத்துக்காட்டுவர். அக்கால்வாய்களைப் பயன்படச் செய்த ஆட்சிமுறையும் நம் கருத்துக்கு உரியதாகும்.

கி.மு. 312 இல் அப்பியா என்னும் முதற் கால்வாய் அமைந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் ஒன்பது கால்வாய்கள் உரோமுக்கு நீர் வழங்கின. கி.பி. 97 இல் பேரரசர் நேர்வா, முன்னர்ப் பிரித்தானியாவில் ஆள்பதியாயிருந்த புரொண்டினசு என்பவரை நீர்க் கண்காணிப்பாளராக நியமித்தார். தம் கீழுள்ளோர் சொற்படியே நடத்தல் தலைவனுக்கு இழுக்கு என்று கருதிய அவர், பணியின் நுட்பங்களைத் தாமே ஆராய்ந்து ஒரு நூலாக எழுதிவைத்தார்.

கால்வாய் நீர் முதலிற் பகிர்வுத் தொட்டிகளை அடைந்தது. அங்கிருந்து குழாய்கள் வழியே பொதுத் தொட்டிகளுக்கும், நீராடுமண்டபங்களுக்கும், பேரரசரின் அனுமதி பெற்றோர் இல்லங்களுக்கும் சென்றது. தனியார் குழாயின் தொடக்கத்தில் முத்திரையிட்ட வெண்கல வாய் ஒன்று பொருத்தப்பட்டது. ஈயம் எளிதில் விரிந்து கொடுக்கும்; வெண்கலம் அவ்வாறு கொடாது. அதனை அடுத்த 50 அடி வரை குழாயின் அகலம் மாறலாகாது என்பதும் விதியாகும்.

விதி இவ்வாறிருக்க, நடைமுறை வேறாயிருந்தது. அரசபதிவேட்டின்படி வரவு 12,755 அலகு. பங்கிட்டதாக எழுதப்பட்டதோ 14,018 அலகு. வரவினும் செலவு மிகுந்த இப்புதுமையைக் கண்ட புரொண்டினசு, கால்வாய்களின் தலைப்பிலேயே நீரை அளந்தார். மார்சியாக் கால்வாய்க்கு ஏட்டில் 2,162 அலகு இருக்க, தலைப்பில் 4,690 அலகு காணப்பட்டது.

எஞ்சிய நீர் எங்கே போயிற்று? பணியாளர் சிலர் முத்திரையற்ற பெரிய வாய்களைப் பொருத்தினர். வீதிகளின் கீழே குழாய்களைத் துளைத்து நீரை விற்றனர். கால்வாயோரத்து நிலக்காரர் தம் தோட்டங்களுக்காகப் பொதுநீரை மறித்தனர். கள்ளக் குழாய்கள் பெயர்த்தெடுக்கப்பட்டபோது கிடைத்த ஈயத்தின் மிகுதியே களவின் அளவுக்குச் சான்றாயிற்று. செல்வர் தோட்டம் நனைய, தெருத்தொட்டியை நம்பிய எளியோர்க்கு நீர் குறைந்தது.

எனினும், ஒன்று கருதற்பாலது. புரொண்டினசு குழாயின் வாயளவையே கணக்கிட்டார். நீரின் வேகத்தைக் கணக்கிடவில்லை. விரைந்தோடும் நீர் மிகுதியாக வரும் என்பதை அவர் அறிந்திருந்தும், அதனை அளக்கும் வழி அவரிடம் இல்லை. ஆதலின், ஏட்டுக்கும் அளவைக்கும் இடையே கண்ட வேறுபாடு முழுவதையும் களவென்று கொள்ளுதல் தகாது. தவறான அளவுகோல் குற்றமற்றவன் மீதும் பழி சுமத்தக்கூடும்.

கண்காணிப்பில் 700 அடிமைப் பணியாளர் இருந்தனர். மேற்பார்வையாளர் சிலர் இவர்களைத் தனியார் வேலைக்கு அனுப்பிவந்தனர். புரொண்டினசு நாள்தோறும் ஆற்றவேண்டிய பணியை முன்கூட்டியே குறித்து, செய்த பணியையும் பதிவு செய்வித்து, அவ்வழக்கத்தை ஒழித்தார். பொதுத் தொட்டிகள் பலவற்றுக்கு இருவேறு கால்வாய்களின் நீர் விடப்பட்டது. ஒன்று தடைப்படின் மற்றொன்று உதவும். நீர்த்தேவை மிகுந்த கோடையிற் பழுதுபார்த்தல் ஆகாது. ஒரே காலத்தில் ஒரு கால்வாயை மட்டுமே நிறுத்தவேண்டும். அதற்கு வேண்டிய பொருள்களை முன்னரே சேர்த்துவைத்தல் வேண்டும் என்பன அவர் வகுத்த நெறிகள்.

கி.பி. 537 இல் உரோமை முற்றுகையிட்ட கோதியர் கால்வாய்களைத் துண்டித்தனர். கற்கட்டடம் சிதைந்தது, புரொண்டினசின் ஏடோ மொந்தே கசீனோ மடத்தில் எஞ்சியிருந்து 1429 இல் மீண்டும் வெளிப்பட்டது. இக்காலத்து நகரங்களிலும் கசிவாலும் களவிணைப்பாலும் நீர் வீணாகின்றது. உட்புகும் நீரையும் பயனாகும் நீரையும் அளந்து ஒப்பிடுதலே இன்றும் அதற்குரிய பரிகாரத்தின் முதற்படி. கால்வாய் வெட்டியோரை உலகம் புகழ்கின்றது. அதனை நாள்தோறும் காத்தோர்க்கும் அப்புகழில் உரிய பங்குண்டு.