நீரின் வாய்பாடும் மோல் விகிதமும்

வேதிவினையில் ஈடுபடும் பொருள்களின் அளவு விகிதங்களைக் கணக்கிடும் முறை 'ஸ்டாய்க்கியோமெட்ரி' எனப்படும். 1792-இல் இச்சொல்லை உருவாக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரிக்டர்.

எடை விகிதம் மட்டும் தெரிந்தால் அணுக்களின் எண்ணிக்கை தெரிந்துவிடாது. நீரில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் எடை விகிதம் 1:8. இரண்டிலும் ஓர் அணு எனக் கொண்டால் ஆக்சிஜனின் அணு எடை 8. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு என்றால் 16. ஜான் டால்டன் முதல் வழியையே கொண்டார்.

இரு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் சேர்ந்து இரு பருமன் நீராவி தருவதை கே-லூசாக் காட்டினார். ஓர் ஆக்சிஜன் துகள் இரு நீர்த்துகள்களில் எப்படி இடம்பெறும்? ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் உள்ளன. வினையின்போது அவை பிரிகின்றன என 1811-இல் அவகாட்ரோ விடையளித்தார். சம பருமனுள்ள வாயுக்களில், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்றார்.

இக்கருத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கவனிக்கப்படவில்லை. அதுவரை ஒரே சேர்மத்துக்குப் பல வாய்பாடுகள் வழங்கின. 1860-இல் கார்ல்சுரூ மாநாட்டில் கன்னிசாரோ அதை வலியுறுத்திய பிறகே குழப்பம் தீரத் தொடங்கியது.

2 மோல் ஹைட்ரஜன் (4 கிராம்), 1 மோல் ஆக்சிஜனுடன் (32 கிராம்) வினைபுரிந்து 2 மோல் நீர் (36 கிராம்) தருகிறது என இன்றைய மாணவர் போடும் கணக்கு அந்த விடையின் மீதே நிற்கிறது.