தோப்புக் கோழியும் வெள்ளைக் கழிச்சலும்



வடக்கே பேராக் ஆறு, தெற்கே பெர்ணம் ஆறு. இவற்றின் நடுவே கடலை நோக்கி நீண்டு கிடக்கும் களிமண் பூமிதான் பாகான் டத்தோ. தென்னைக்குப் பேர்போன இந்த வட்டாரம் 2017ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. இங்குள்ள தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் வரலாற்றை எழுதுவோர் சம்பளத்தைப் பற்றி எழுதுகிறார்கள். சங்கத்தையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி எழுதுகிறார்கள். லயத்துக்குப் பின்னால், மரத்தடியில் மேய்ந்த கோழியைப் பற்றி எழுதுவோர் குறைவு. இன்று அந்தக் கோழியின் கதையைப் பார்ப்போம்.

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது கோழியை உடன் கொண்டுவரத் தேவையிருக்கவில்லை. கோழி இந்த மண்ணுக்கே உரியது. மலாயில் ‘ஆயாம் ஹூத்தான்’ எனப்படும் சிவப்புக் காட்டுக்கோழிதான் உலகத்து வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை. மனிதன் அதை எங்கே முதலில் பழக்கினான் என்பதில் நெடுநாள் வாதம் இருந்தது. சிந்து வெளி என்றார்கள் சிலர்; சீனம் என்றார்கள் வேறு சிலர். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, தாய்லாந்தில் உள்ள பான் நோன் வாட் என்னும் பழைய ஊரைச் சுட்டுகிறது. காலம் ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன். நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குத் தானியம் பொறுக்க வந்த காட்டுக்கோழி, அங்கேயே தங்கிவிட்டதாம். இன்றும் செம்பனைக் காட்டு ஓரங்களில் அது மேய்வதைக் காணலாம். காட்டுச் சேவல் நம் வீட்டுப் பெட்டையோடு சேர்வதும் உண்டு. ஆகவே கோழி மரத்தடியை நாடுவதும் பொழுது சாய்ந்தால் கிளையில் ஏறி உட்காருவதும் பிறவிக் குணம்.

தென்னந்தோப்பு அதற்கு நல்ல மேய்ச்சல். விழுந்து மக்கிய தென்னை மரத்தில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் கொழுத்துக் கிடக்கும். அந்த வண்டு இளங்குருத்தைக் குடைந்து மரத்தையே கெடுக்கும். கோழி கிளறினால் தீனியும் ஆயிற்று, தோப்புக்கு உதவியும் ஆயிற்று. கொப்பரைத் தூளும் மரவள்ளித் தோலும் சோற்றுப் பருக்கையும் மிச்சத் தீனி. இதற்கெனக் காசு செலவில்லை. போருக்கு முந்திய தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்றது. அந்தத் துண்டு நிலத்தில் கீரையும் கோழியும் பெண்கள் பொறுப்பில் வளர்ந்தன. சம்பளப் பணம் கடைக்காரர் கணக்குக்குப் போய்விடும். கோழி விற்ற பணம் தாயின் முந்தானையில் இருக்கும். பள்ளிச் சட்டைக்கும், பிள்ளை பெற்றவளின் பத்தியச் சாப்பாட்டுக்கும், முனியாண்டி கோயில் நேர்த்திக்கும் அதுதான்.

பருந்து, முசங், உடும்பு இவற்றால் வந்த நட்டம் சிறிது. கூட்டையே காலி செய்தது ஒரு நோய்தான். காலையில் பிரட்டுக்குப் போகும்போது இரண்டு கோழி சிறகைத் தொங்கவிட்டு நிற்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாரம் முடிவதற்குள் லயம் முழுவதும் கோழி இராது. கண்ணேறு என்பார்கள், பக்கத்து வீட்டாள் மேல் சந்தேகப்படுவார்கள். சண்டை கோழியோடு முடிவதுமில்லை.

அதற்குத் தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்று பெயர். மலாயில் ‘சம்பார் ஆயாம்’. 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரத்தருகிலும் இந்நோய் கண்டது. அடுத்த ஆண்டு இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் கண்டது. ஆகவே மேல்நாட்டார் நியூகாசல் நோய் என்றனர். இந்தியாவில் ராணிக்கெட் நோய் என்றனர். 1930களில் மலாயாவிலும் பதிவாயிற்று. இதை உண்டாக்குவது ஒரு நச்சுக்கிருமி. வந்தபின் மருந்தில்லை, வருமுன் காக்கத்தான் முடியும்.

தடுப்பு மருந்து இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டில் ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. கோழிப் பண்ணைகளும் பெருகின. பண்ணைக்காரர் மருந்து போட்டார். லயத்துக் கோழிக்கு ஏன் போடவில்லை? மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. வெயில் பட்டால் செத்துவிடும், ஐஸ் வேண்டும். ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு உரியது. நம் வீட்டில் இருந்ததோ பத்தோ பன்னிரண்டோ. அவற்றையும் மரத்திலிருந்து இறக்கிப் பிடிக்கவேண்டுமே! மருந்தைக் குறை சொல்வதற்கில்லை. அது கூண்டுக் கோழியை நினைத்துச் செய்யப்பட்டது.

இந்த முடிச்சை அவிழ்த்தது நம் நாட்டில் நடந்த வேலை என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 1966ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வி4 என்ற கிருமி வகை கிடைத்தது. அது கோழிக்கு நோய் தருவதில்லை. ஆனால் நோயைத் தாங்கும் வலிமையைத் தருகிறது. 1980களில், அப்போது பெர்த்தானியான் பல்கலைக்கழகம் என்றும் 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம் என்றும் வழங்கும் நிலையத்தில், லத்தீஃப் இப்ராஹிம், ஐனி இடேரிஸ் ஆகியோர் குயின்ஸ்லாந்துப் பேராசிரியர் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து உழைத்தார்கள். வி4 கிருமியைச் சூடேற்றி, சூட்டிலும் சாகாமல் மிஞ்சியதைப் பிரித்து வளர்த்தார்கள். அதைத் தீவனத்தின் மேல் தெளித்தார்கள். ஊசி வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். காலையில் ‘பா, பா’ என்று கூப்பிட்டுத் தீனி போடுகிறோமே, அந்தத் தீனியே மருந்து. கம்பத்துக் கோழிக்கென்றே ஒரு மருந்து பிறந்தது.

இதிலும் குறையுண்டு. வலுத்த கோழி இரட்டிப்பாகத் தின்னும். மெலிந்தது எட்டி நின்று பார்க்கும். ஆகவே ஒரு தரம் போட்டால் போதாது; சில வாரம் விட்டு மறுபடியும் போடவேண்டும். எல்லாத் தானியத்திலும் கிருமி பிழைப்பதில்லை என்பதும் பிறகு தெரிந்தது. ஆயினும் அந்த எண்ணம் பல நாடுகளுக்குப் பரவிற்று. தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகமும் வேறொரு கிருமி வகையைக் கொண்டு, தீனியாகக் கொடுக்கும் குருணை மருந்து செய்திருக்கிறது. நம் தாத்தா பாட்டி விட்டுவந்த ஊர்க்காரர்கள் அதை வீட்டுக் கோழிக்குப் போடுகிறார்கள்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லவேண்டும். நோய் தலைகாட்டியதும், நட்டம் வேண்டாமென்று மற்ற கோழிகளை விற்றுவிடுவோம், அல்லது உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நோய் அந்தக் கூடையிலேயே அடுத்த தோட்டத்துக்குப் போகும். தீபாவளிக்கு முன் கோழிகள் ஊர் மாறும்போது இது இன்னும் வேகமாக நடக்கும். 2004ஆம் ஆண்டில் கிளந்தானிலும் 2006ஆம் ஆண்டில் நம் பேராக்கிலும் கண்ட பறவைக் காய்ச்சல் வேறு நோய். அது மனிதரையும் தாக்கக்கூடியது. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கோழிகள் கும்பலாகச் செத்தால் அறுக்காமல், கையால் தொடாமல், கால்நடை இலாகாவுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

மருந்து கேட்கப் போகிறவர்கள் வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்று எண்ணிக்கொண்டு போகவேண்டும். மாலையில், அவை மரமேறுவதற்கு முன் எண்ணுவதுதான் எளிது. தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்கு வரும் காப்பு சில வாரமே நிற்கும். ஆகவே புதிதாகப் பொரிந்தவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.