அப்பா என்று என் காதில் விழுந்த சொல்

இங்கே நியூஜெர்சியில் சனிக்கிழமை இரவு. பார்ப்பவர்களில் சிலருக்கு ஞாயிறு காலை. ஆராதனைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் இருப்பீர்கள், அதனால் நேரடியாகப் பொருளுக்கு வருகிறேன்.

கொரிய மொழித் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எவ்வளவு தூரம் உதவும் என்று பேசச் சொன்னார்கள். நான் மொழியியல் படித்தவள் அல்ல. நர்சிங்கில் டிப்ளமோ முடித்து, இருபது வருடத்துக்கும் மேலாக வார்டுகளில் நிற்கிறவள். என் மகள் சியோலில் போய்ப் படிக்க ஆசைப்பட்டு, டோபிக் என்னும் கொரிய மொழித் திறன் தேர்வுக்குத் தயாராகிறாள். அவளுக்கும் முன்னால் எனக்குக் கொரியம் தேவைப்பட்டது. அந்தக் கதையை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் மாநிலத்தில் பெர்கன் கவுண்டி என்று ஒன்று உண்டு. அங்கே பாலிசேட்ஸ் பார்க் என்ற ஊரில் ஏறத்தாழப் பாதிப் பேர் கொரிய வழியினர். கடைப் பலகைகள் எல்லாம் கொரிய எழுத்தில் இருக்கும். ஆகவே இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொரியப் பெரியவர்கள் நிறைய வருவார்கள். ஓர் இரவுப் பணியில், இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த ஒரு பாட்டி என் பொறுப்பில் இருந்தார். வயது எண்பதுக்கு மேல். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடுச்சாமத்தில் அந்தப் பாட்டி மெல்லிய குரலில் "அப்பா, அப்பா" என்றார்.

கொரியத்திலும் அப்பா அப்பாதான், அம்மா ‘ஒம்மா’ என்று நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். வாட்ஸப்பில் எத்தனை முறை வந்திருக்கிறது! கடைசிக் காலத்தில் பெரியவர்கள் பெற்றவர்களைத் தேடுவது எங்கள் தொழிலில் தினமும் பார்ப்பது. நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மனதுக்குள் ஜெபம்கூடச் செய்தேன். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் வசதி சுவரிலேயே இருந்தது. நான் அழைக்கவில்லை. புரிந்துவிட்டது என்று நினைத்ததால் அழைக்கவில்லை.

காலையில் மகன் வந்தார். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "அம்மா வலிக்கிறது என்கிறார்களே" என்றார். அந்தச் சொல் அப்பா அல்ல. ‘வலிக்கிறது’ என்பதற்கான சொல். என் காதுக்கு இரண்டும் ஒன்றாக விழுந்திருக்கிறது. ஒரு பாட்டி பல மணி நேரம் வலி வலி என்று சொல்ல, நான் அவர் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். பிழை முழுக்க என்னுடையது.

தமிழும் கொரியமும் உறவு என்கிற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனேன். தேடல் என்னைக் கடைசியில் என் சொந்த ஜில்லாவிலேயே கொண்டுபோய் நிறுத்தியது.

1874இல் பாரிசில் கொரியத் திருச்சபையின் வரலாறு ஒன்று வெளிவந்தது. எழுதியவர் தாலே என்கிற பிரெஞ்சுக் குரு. கொரியாவிலிருந்து மிஷனரிகள் அனுப்பிய கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்து எழுதியவர், கொரிய இலக்கணம் திராவிட மொழிகளின் இலக்கணத்தைப் போல இருக்கிறது என்று அதில் சுட்டினார். அதை விரித்து ஒரு நூலாகவே எழுதியவர் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர். 1863இல் வெர்மான்ட்டில் பிறந்தவர். 1886இல் கொரிய அரசர் தொடங்கிய பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கச் சியோலுக்குப் போனார். 1905இல் கொரிய மொழியையும் இந்தியாவின் திராவிட மொழிகளையும் ஒப்பிடும் இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். தென்கொரியாவின் பழங்குடிகள் தெற்கிலிருந்து கடல் வழியாக வந்து சேர்ந்தவர்கள் என்பது அவர் கருத்து.

சியோலில் இருந்த மனிதருக்குத் திராவிட இலக்கணம் எப்படித் தெரியும்? கால்டுவெல் வழியாகத்தான். 1856இல் வெளிவந்த கால்டுவெல் ஐயரின் திராவிட ஒப்பிலக்கணம்தான் அவருக்கு ஆதாரம். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் 1841 முதல் ஊழியம் செய்து, அந்த மண்ணிலேயே அடக்கமானவர் கால்டுவெல். சின்ன வயதில் எங்கள் தாத்தாவோடு அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன். தேரிக்காட்டு ஊரில் எழுதிய புத்தகம் ஒன்று சியோல் வரை போய், அங்கே இன்னொரு புத்தகத்தைப் பிறப்பித்திருக்கிறது என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்?

அயுத்தா நாட்டு இளவரசி ஒருத்தி கொரிய அரசனை மணந்த கதையைச் சிலர் இந்நேரம் கருத்துப் பெட்டியில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். அது 13ஆம் நூற்றாண்டின் ‘சம்குக் யூசா’ நூலில் வருவது. அயுத்தா அயோத்திதான் என்பாரும் உண்டு, குமரிப் பக்கத்து ஆய் நாடு என்பாரும் உண்டு. ஓர் அரசி எங்கிருந்து வந்தாள் என்பதை வைத்து ஒரு மொழி எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஹல்பர்ட்டின் கருத்தை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. கொரியத்தையும் ஜெஜு தீவின் பேச்சையும் சேர்த்துத் தனிக் குடும்பமாகவே வைக்கிறார்கள். ஏன் என்பதை ஒரு நர்சுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உறவு உண்மை என்றால், காலத்தில் பின்னே போகப் போக இரண்டு மொழிகளும் நெருங்க வேண்டும். நாம் மேடையில் சொல்லும் சொற்களை எடுங்கள். கொரியத்தில் ‘நா’, தமிழில் ‘நான்’. கேட்க இனிக்கிறது. ஆனால் சங்கத் தமிழில் அது ‘யான்’. கொரியத்தில் புல்லுக்குப் ‘புல்’. ஆனால் 15ஆம் நூற்றாண்டுக் கொரிய நூல்களில் அந்தச் சொல்லில் இருப்பது உகரம் அல்ல, உதடு குவியாத வேறோர் உயிர். பின்னே போனால் இரண்டும் விலகுகின்றன. அம்மா, அப்பாவோ உலகம் முழுக்கக் குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள். சீனக் குழந்தைக்கும் மா, பாதான்.

அப்படியானால் ஹல்பர்ட் கண்டது பொய்யா? அவர் முடிவு தவறலாம், அவர் கண் தவறவில்லை. வாக்கியம் கட்டும் முறையில் இரண்டு மொழிகளும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘நேற்று வந்த ஆள்’ என்பதைக் கொரியத்தில் ‘ஒஜே ஒன் சாராம்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை, அதே பெயரெச்சம். ‘மொகொ பொதா’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்ப்பது’. ‘பொதா’ என்பது கண்ணால் பார்ப்பதற்கான சொல்தான், நம்மைப் போலவே முயன்று பார்ப்பதற்கும் அதையே வைத்திருக்கிறார்கள். ‘போய்விட்டான்’ என்பதில் வரும் ‘விடு’ போல அங்கே ‘பொரிதா’ இருக்கிறது. பாட்டி வருகிறார் என்று சொல்ல, வினைக்குள்ளேயே ‘சி’ என்று ஒரு மரியாதை எழுத்தைச் சேர்ப்பார்கள்.

இது இரத்த உறவுக்குச் சாட்சி அல்ல. காலின் மசிகா 1976இல் எழுதிய நூலில், இந்திய மொழிகளின் இப்படிப்பட்ட கூறுகள் பல மத்திய ஆசியாவைத் தாண்டி கொரியா, ஜப்பான் வரைக்கும் பரவியிருப்பதைக் காட்டியிருக்கிறார். துருக்கியிலும் ஜப்பானியத்திலும் இதே கட்டுமானத்தைப் பார்க்கலாம். ஆனால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு உறவு எதற்கு? உதவி போதும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த வகுப்புத் தோழர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் படித்தபோது, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த என் மகள் அதை நேராகவே படித்தாள்.

தேர்வு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டோபிக் 1997இல் தொடங்கியது. முதல் தேர்வில் கேட்டல் 30 வினாக்கள், வாசித்தல் 40 வினாக்கள், மொத்தம் 200 மதிப்பெண். 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. இரண்டாம் தேர்வில் கேட்டல் 50, எழுதுதல் 4, வாசித்தல் 50, மொத்தம் 300 மதிப்பெண். 120 மூன்றாம் நிலை, 150 நான்காம் நிலை, 190 ஐந்தாம் நிலை, 230 ஆறாம் நிலை. கொரியாவில் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவர்களிடம் பல பல்கலைக்கழகங்கள் மூன்றாம் அல்லது நான்காம் நிலையைக் கேட்கின்றன. முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். ஆகவே சீக்கிரமே எழுதி வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

இதில் தமிழ் கைகொடுக்கும் இடம் வாக்கிய அமைப்பு. எழுதுதலிலும் ஒரு பங்கு உண்டு. கடைசி வினா 600 முதல் 700 எழுத்துக்குள் ஒரு கட்டுரை. அதைப் பேசுகிற மாதிரி எழுதினால் மதிப்பெண் குறையும், எழுத்து வழக்கில் எழுத வேண்டும். வீட்டில் ஒரு தமிழ், பைபிளில் ஒரு தமிழ் என்று வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

தமிழ் கைவிடும் இடங்கள் மூன்று. ஒன்று, சொற்கள். கொரிய அகராதியில் பாதிக்கு மேல் சீன மூலச் சொற்கள். ஆஸ்பத்திரிக்கு ‘ப்யொங்வொன்’, நர்சுக்கு ‘கான்ஹோசா’. இவற்றை உட்கார்ந்து மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு, நம் வினையில் வந்தேன், வந்தாள் என்று ஆள் தெரியும். கொரிய வினையில் தெரியாது, எழுவாயையும் விட்டுவிடுவார்கள். கேட்டல் தேர்வில் யார் செய்தார்கள் என்பதை நாமே ஊகிக்க வேண்டும். மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. அது ஒலி.

கொரியத்தில் நம் ‘ப’ இருக்கும் இடத்தில் மூன்று எழுத்துகள் உண்டு. ஒன்று சாதாரணம். ஒன்று தொண்டையை இறுக்கிச் சொல்வது. ஒன்று மூச்சுக்காற்றை வெளியே தள்ளிச் சொல்வது. அப்பாவுக்கு இறுக்கிய எழுத்து, வலிக்கிறது என்பதற்கு மூச்செழுத்து. 1443இல் அரசர் செஜோங் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் இவை தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். அந்த இரவுக்குப் பிறகு நான் ஒரு நோட்டு வாங்கி, வார்டுக்கு வேண்டிய கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். அப்பா என்ற சொல்லுக்கு எதிரே ‘அப்பா’. வலிக்கிறது என்ற சொல்லுக்கு எதிரே மறுபடியும் ‘அப்பா’. வேறு எப்படி எழுத? மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, தமிழ்ல எழுதாதீங்க. எழுத்தைக் கத்துக்கோங்க, ரெண்டு நாள்தான் ஆகும்" என்றாள். வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தாள். அப்பா என்றாள், தாள் அசையவில்லை. வலிக்கிறது என்றாள், தாள் பறந்தது.

வேதத்தில் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில் ஒரு மொழித் தேர்வு வருகிறது. யோர்தான் துறையில் கீலேயாத்தியர் நின்றுகொண்டு, கடக்க வருகிறவனிடம் ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்வார்கள். எப்பிராயீமியனுக்கு ‘ஷி’ வராது, ‘சி’தான் வரும். அந்த ஓர் எழுத்தில் 42,000 பேர் செத்தார்கள். அமெரிக்கா வருவதற்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு எழுதி முதல் தடவை தோற்றுத் திரும்பிய நாளில் நான் என்னை எப்பிராயீமியரோடுதான் சேர்த்துக்கொண்டேன். மொழித் தேர்வு என்றாலே ஆளை வடிகட்டிக் கழிக்கும் துறை என்று வெகுநாள் மனக்கசப்பு இருந்தது. பாட்டியின் கட்டிலருகில்தான் அதன் மறுபக்கம் தெரிந்தது. அங்கே ஓர் எழுத்தைத் தவறவிட்டவள் நான். அதற்கு விலை கொடுத்தவர் அவர்.

நியூஜெர்சியில் இன்னொருவர் இப்படித் தயாரானார். ஹோரஸ் அண்டர்வுட். எங்கள் நியூ பிரன்ஸ்விக் இறையியல் கல்லூரியில் 1884இல் படிப்பை முடித்தவர். கொரியாவுக்குப் போகும் வழியில் ஜப்பானில் தங்கி, அங்கிருந்த யி சு-ஜொங் என்ற கொரியரிடம் பாடம் கேட்டார். அவர் மொழிபெயர்த்த மாற்கு சுவிசேஷத்தைக் கையில் எடுத்துக்கொண்டு 1885 ஏப்ரலில் கொரியாவில் கரையிறங்கினார். ஐந்தே வருடத்தில், 1890இல், கொரிய அகராதி ஒன்றை வெளியிட்டார். அதில் அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் நம் ஹல்பர்ட்.

ஹல்பர்ட்டின் ஒப்பிலக்கணத்தைக் கொரியர்கள் இன்று பெரிதாகக் கொண்டாடுவதில்லை. அவரையோ மறக்கவில்லை. படித்தவர்கள் சீன எழுத்தையே மதித்த காலத்தில், உலகப் புவியியல் பாடநூல் ஒன்றை ஹங்குலிலேயே எழுதியவர் அவர். 1905இல் ஜப்பான் கொரியாவை நெருக்கியபோது, பேரரசர் கோஜொங்கின் கடிதத்தோடு வாஷிங்டனுக்குப் போனார். பலன் இல்லை. 1907இல் ஹேக் மாநாட்டுச் சமயத்திலும் கொரியாவுக்காக அலைந்தார். விடுதலைக்குப் பின், 1949இல், 86 வயதில் அழைப்பின்பேரில் திரும்பி வந்து, சில நாட்களிலேயே சியோலில் இறந்தார். யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். மொழிகளின் உறவைப் பற்றி அவர் சொன்னது நிற்கவில்லை. அந்த மக்கள் சொன்னதைச் சரியாகக் கேட்டு, அவர்களுக்காகப் பேசியது நின்றுவிட்டது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையிடம் "கொரியம் தமிழிலிருந்து வந்ததுதான், சுலபமாக வந்துவிடும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். வாக்கியம் சுலபமாக வரும், சொல்லும் ஒலியும் உழைத்தால்தான் வரும் என்று சொல்லுங்கள். முதல் வாரமே ஹங்குல் கற்கட்டும். தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ குறிப்பு எழுத விடாதீர்கள். தெரிந்த சொல் போல ஒன்று காதில் விழுந்தால், மகிழ்ச்சிப்படுவதற்கு முன் ஒருமுறை திருப்பிக் கேட்கப் பழகட்டும்.

மகள் அடுத்த முறை இரண்டாம் தேர்வு எழுதுகிறாள். நான் முதல் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் காத்திருக்கவில்லை. இப்போதும் வார்டில் மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், நிலை வந்தாலும் அழைப்பேன். ஆனால் அழைக்க வேண்டிய நேரம் எது என்று இப்போது என் காதுக்குத் தெரிகிறது. அந்த நோட்டின் பழைய பக்கங்களைக் கிழிக்கவில்லை. எதிரெதிரே இரண்டு ‘அப்பா’ உள்ள பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.